கயிறு சுட்ட உள்ளங்கை

என் மகன் மானியுஸுக்கு உன் அம்மா நின்னியா எழுதுவது. நீ நலமாயிருந்தால் நல்லது, நானும் நலமாயிருக்கிறேன் என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். முதல் பாதியை மனசார எழுதிவிட்டேன், இரண்டாம் பாதிக்குக் கை வரவில்லை, நீயே புரிந்துகொள். அப்பா எழுத்துக்காரனை வைத்து எழுதிய கடிதம் முந்தின கப்பலில் அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து உன் படைமுகாமில் சேர்ந்திருக்கும். உன் தம்பி அவுலுஸ் போய்விட்டான் என்று அதில் படித்திருப்பாய். கிரானியுஸின் அடிமை தாமா சுமைவண்டியைத் தறிகெட்டு ஓட்டி அவனைச் சுவரோடு நசுக்கிவிட்டான் என்றும், கிரானியுஸ் அந்த அடிமையை நம் கையிலேயே ஒப்படைத்துவிட்டார் என்றும், ஒன்பதாம் நாள் படையல் முடிந்த மறுநாள் அவனைச் சிலுவையில் ஏற்றப்போகிறோம் என்றும் படித்திருப்பாய். அவுலுஸ் போனதும், கிரானியுஸ் ஆளை ஒப்படைத்ததும் மட்டும்தான் அதில் உண்மை. மற்றதை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே, உன் கோபம் எனக்குத் தெரியும். எழுத்துக்காரனிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் புத்தெயோலித் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும், அதனால் நானே எழுதுகிறேன். கயிற்றுச் சுருளுக்கு அடையாளச் சீட்டு எழுதிப் பழகின எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

அன்று காலையில் அவுலுஸ் ஒரு சுருள் நங்கூரக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனான். எண்ணெய்க்காரர் இறக்கத்தின் அடியில் வைத்து நடந்தது, கடைகள் திறக்காத வேளை, பார்க்க ஆளில்லை. சுமைவண்டி அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாதென்று ஊர்க்கட்டளை இருப்பது உனக்கே தெரியும். ஒரு கதவுப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணை நான்தான் மூடினேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத மாட்டேன். துக்க வீடென்று வாசலில் சைப்ரஸ் கிளையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கிரானியுஸ் தாமாவைக் கையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார், கூடவே சாட்சிக்கு நாலு பெரிய மனிதர்கள். உன் அப்பாவுக்கு அவர் முப்பது வருஷத்து நண்பர், உங்கள் இருவரையும் மடியில் வைத்து அத்திப்பழம் ஊட்டினவர், அவர் மகன் கேசோவும் அவுலுஸும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அவர் உன் அப்பாவைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நுமேரியுஸ், சுதந்திர மனுஷனோட உடம்புக்கு விலை போட முடியாதுன்னு சட்டம் சொல்லுது. விலை பேசுனா நான் உனக்கு நண்பனும் இல்ல. தீங்கு செஞ்சவனையே ஒப்படைக்கிறேன். கை வெச்சு எடுத்துக்கோ” என்றார். செத்தது நம் கோவேறு கழுதையாக இருந்தால் விலை சொல்லியிருப்பார்கள், மகனாய்ப் போனதால் அதுவும் இல்லை என்று எனக்கு அப்போதே ஒரு நினைப்பு ஓடியது. ஆனாலும் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்து நானும் உருகித்தான் போனேன். உன் அப்பா தாமாவின் தலையில் கை வைத்து இவன் என்னுடையவன் என்று சொன்னார். சாட்சிகள் கேட்டார்கள். அவ்வளவுதான், சட்டப்படி வழக்கு முடிந்தது. மறுநாள் பாடையின் முன்கொம்பை கிரானியுஸ்தான் தோளில் தாங்கினார். ஊரே பார்த்து, நட்பென்றால் இதுதானப்பா, ஒழுக்கமுள்ள மனுஷன் என்று பேசிக்கொண்டது. கேசோ மட்டும் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள்.

தாமாவை நம் சணல் கிடங்கில் கட்டிப்போட்டிருந்தோம். இங்கே பிணங்களை அடக்கம் செய்யும் சவக்குத்தகை எடுக்கிறவன்தான் அடிமைகளைத் தண்டிக்கிற வேலையையும் எடுக்கிறான், அவன் வந்து நாள் பேசிவிட்டுப் போனான். போகும்போது, “மரம், ஆணி, சாட்டைக்காரன் எல்லாம் என் பொறுப்பு. கயிறு மட்டும் உங்க கடையிலயே நல்லதா இருக்கு, அதைக் கூலிக் கணக்குல சேக்க மாட்டேன்” என்று சிரித்தான். வந்த வேலை நல்லபடியாக முடியட்டும் என்று நானே அவனுக்குத் திராட்சைமது கலந்து கொடுத்தேன் மானியுஸ், அதையும் எழுதிவிடுகிறேன். தாமாவுக்குச் சோறு எதற்கு என்று உன் அப்பா சொன்னார். நான்தான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். இரக்கத்தில் இல்லை, அந்த நாள்வரைக்கும் அவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்றுதான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும்தான் பார்த்தேன். அவன் அதை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்தான். முதலில் வேஷம் என்று நினைத்தேன். ஒருநாள் கஞ்சி சிந்திவிட்டது. எனக்கு எரிச்சல். “கையில என்ன சீக்கு, எங்கயாச்சும் திருடப் போயி ஒடிச்சிக்கிட்டியா?” என்று கையைப் பிடித்து விரித்தேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரே வாய்க்கால், தோல் போய்ச் சதை தெரிந்தது. கயிறு சுட்ட காயம். நீ சின்னவனாக இருக்கும்போது முறுக்குச் சக்கரத்திலிருந்து அறுந்து ஓடின கயிற்றைப் பிடித்துவிட்டு இதே மாதிரி கையோடு என்னிடம் ஓடிவந்தாய், அதைவிட இது ஆழம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சுமைவண்டி சரிவில் இறங்கும்போது முன்னால் ஒருவன் கடிவாளம் பிடிப்பான், பின்னால் ஒருவன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடப்பான். கயிற்றுக்காரன் பெண்டாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பின்னால் கை வெந்தவன் முன்னால் ஓட்டியிருக்க முடியாது. நான் அவனிடம் கடிவாளம் யார் கையில் இருந்தது என்று கேட்டேன். “என் கையிலதாம்மா” என்றான். கயிறு யார் கையில் என்றேன். கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். “பின்னாடி ரெண்டு கையும் வெந்து கெடக்கு, முன்னாடி ஓட்டுனது உன் மூணாவது கையா?” என்று கேட்டேன். அப்போதும் நான்தான் நான்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, “நான்தான்னு சொல்லச் சொன்னாங்கம்மா. என் பொண்டாட்டியும் புள்ளையும் அந்த வீட்ல இருக்காங்க. நான் வாயத் தொறந்தேன்னு தெரிஞ்சா அவங்கள வித்துருவாங்க” என்றான். ஓட்டினது யார் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அந்த வீட்டில் யாரைக் காப்பாற்ற கிரானியுஸ் இவ்வளவு தூரம் போவார்? யாருக்கு அன்று காய்ச்சல்?

பார், எவ்வளவு பெரிய மனிதர், எத்தனை சட்டம் தெரிந்தவர், ஆனால் நடந்ததைப் பார்த்த ஒரே வாயை அவரே கொண்டுவந்து நம் வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார். ஏனென்றால் அடிமைக்கு வாய் இருக்கிறதென்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவருக்கும் தோன்றவில்லை, அதுவரைக்கும் எனக்கும்தான் தோன்றவில்லை. உண்மை தெரிந்ததும் நான் நிம்மதிப்பட்டேன் என்று நினைக்காதே. தாமாவின் மேல் எனக்குக் கோபம்தான் பொங்கியது. கொல்ல ஒருத்தன் கையில் இருந்தான், அவனையும் பறித்துக்கொண்டாயே பாவி என்று அவன் தோளில் அடித்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தவே இல்லை. “அடிமை வாக்கு ஒரு வாக்கா? வதை பண்ணிக் கேட்டாத்தான் சட்டம் ஒத்துக்கும். வேணும்னா அதையும் பண்ணச் சொல்றேன்” என்றார். அந்த வேலையைக் கயிறே செய்துவிட்டது, வந்து கையை மட்டும் பாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். அப்படியானால் கேசோவைக் கேளுங்கள் என்றேன். “என் புள்ளையோட பாடையத் தூக்குனவன் வீட்டுக்குப் போயி, உன் புள்ள கொலைகாரனான்னு கேக்கச் சொல்றியா? உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?” என்று கத்தினார். தூண் மண்டபத்தில் அந்தக் கிரேக்க வாத்தியார் ஒழுக்கம், நட்பு, நியாயம் என்று பேசுவதை இத்தனை வருஷமும் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல்வாரே, அதில் ஒன்றை எடுத்து வீசினார். நண்பன் வீட்டுச் சுவரில் விரிசல் தெரிந்தால் முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் துடைத்துத் துடைத்துத்தான் பார்க்கிறேன், விரிசல் அங்கேயேதான் இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் விட்டுவிடு, அடிமைதானே, உன் மகனே போய்விட்டான், இவன் போனால் என்ன என்று ஒரு மனசு சொல்லும். கிடங்குப் பக்கம் போனால் அந்த மனசு செத்துவிடும்.

ஒன்பதாம் நாள் கல்லறைக்கு எல்லாரும் வந்தார்கள். கேசோவும் வந்தான், வராவிட்டால் ஊர் கேட்கும். ஆள் பாதியாகிவிட்டான். முட்டையும் பருப்பும் வைத்து, ஆளுக்கொரு கிள்ளு உப்பு எடுத்து ரொட்டியில் போட்டுச் செத்தவனுக்கு வைக்க வேண்டுமல்லவா, அந்த உப்புத் தட்டை நான் தாமாவின் கையில் கொடுத்துக் கூட்டிப்போயிருந்தேன். கட்டுத்துணி இல்லாமல், விரித்த இரண்டு உள்ளங்கையின் மேல் தட்டு. உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வேறு பெண்ணாக இருந்தால் எரிந்திருப்பாள். அவரும் உப்பு எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. அந்தக் காயத்தை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து கயிற்றோடு கிடப்பவர். அடுத்து கிரானியுஸ், அவர் தட்டைத் தொடாமல், “தங்கச்சி, இவனை எதுக்கு இங்க கூட்டியாந்தே? செத்தவனுக்கு இது மரியாதையா?” என்றார். “நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே. உங்க புள்ளைய உப்பு எடுக்கச் சொல்லுங்க” என்றேன். கேசோ கையை நீட்டினான். விரல் உப்பில் படவில்லை. நின்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கிரானியுஸ் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார், அவன் நகரவில்லை. “அத்தை, கடிவாளம் என் கையில இருந்துச்சு” என்றான். அவன் சொல்லிக்கொண்டே போனான். “அவுலுஸ் கீழ நின்னு கையாட்டினான். தைரியம் இருந்தா இறக்கத்துல எறங்கி வாடான்னு கத்துனான். தாமா வேணாம் சின்னய்யான்னு சொன்னான், நான்தான் கேக்கல. அவுலுஸ் சிரிச்சிக்கிட்டுத்தான் நின்னான் அத்தை. வண்டி நிக்காதுன்னு அவனுக்குத் தெரியல.” மானியுஸ், உன் தம்பி அப்படிக் கூப்பிடுகிறவன்தான், உனக்குத் தெரியும். அந்தக் குரல்கூட எனக்குக் கேட்டது.

அப்போது கிரானியுஸ் ஒரு வார்த்தை, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வழக்கு முடிஞ்சு போச்சு, நுமேரியுஸ். நீயே கை வெச்சே. சாட்சி இருக்கு” என்றார். உன் அப்பா, “மகனோ அடிமையோ தீங்கு செஞ்சா ஈடு கட்டு, இல்ல ஆள ஒப்படைன்னு நம்ம பசங்க பள்ளிக்கூடத்துல சட்டத்தப் பாடிட்டுத் திரிஞ்சாங்களே, அதுல மகன்னுதானே மொதல்ல வருது?” என்று மட்டும் கேட்டார். கிரானியுஸ் அங்கியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். கேசோ அவர் பின்னால் போனான், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். குத்தகைக்காரனை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்க எனக்குப் பயமாயிருந்தது.

விடிந்ததும் குத்தகைக்காரன் ஆட்களோடு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கதவைத் திறந்தால் அவனுக்கு முன்னாலேயே கேசோ நிற்கிறான், தனியாக, இடுப்புவார் இல்லாமல், வெறுங்காலோடு. “மாமா, என் மேல கை வெச்சு எடுத்துக்கோங்க. அப்பா ஒப்படைக்க மாட்டாரு, நானே வந்துட்டேன்” என்றான். உன் அப்பா எழுந்து வந்து அவனைப் பார்த்தார். நான் கிடங்குக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றேன், உள்ளே தாமா மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. குத்தகைக்காரன் மரத்தைக் கீழே இறக்கிவிட்டு, “யாருன்னு சட்டுன்னு சொல்லுங்கய்யா, எனக்கு இன்னொரு வீட்டுக்கும் போகணும்” என்றான். உன் அப்பாவின் தாடை அசைந்துகொண்டே இருந்தது. அப்போது அவர் எதைச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும், மகனே. தாமாவைச் சொல்லியிருந்தால் சட்டம் அவர் பக்கம். கேசோவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருந்தால் ஊர் அவர் பக்கம். அவர் “போ” என்றார். யாரைச் சொன்னார் என்று எங்கள் யாருக்குமே விளங்கவில்லை. பிறகுதான் குத்தகைக்காரன் பக்கம் திரும்பி, “இந்த வீட்ல உனக்கு வேலையில்ல, எடுத்துட்டுப் போ” என்றார். கேசோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சந்தையே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

கிரானியுஸின் வாசலில் அவரை அண்டிப் பிழைக்கிறவர்கள் காலை வணக்கத்துக்கு வந்து கூட்டமாகக் காத்து நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் உன் அப்பா சொன்னார், “கிரானியுஸ், உன் புள்ளையத் திருப்பித் தர்றேன். செத்த புள்ளைக்கு உயிரோட இருக்கற புள்ள ஈடாகாது. ஆனா இன்னியிலேருந்து நீ எனக்கு நண்பன் இல்ல. என் வாசலுக்கு நீ வராத, உன் வாசலுக்கு நான் வரமாட்டேன். இவங்க எல்லாரும் சாட்சி.” நட்பை இப்படி வாய்விட்டுச் சொல்லி முறிக்கிறதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் வீட்டு விஷயம் அது, கயிற்றுக் கடைக்காரன் செய்கிறதா? கிரானியுஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “முப்பது வருஷம்டா நுமேரியுஸ்” என்றார். “தாமாவக் கட்டி இழுத்தாந்தியே, அன்னிக்கே அந்த முப்பது வருஷத்தையும் சேத்துக் கட்டித்தான் குடுத்தே” என்று சொல்லிவிட்டு உன் அப்பா திரும்பிவிட்டார். நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் கேசோ மறுபடி ஓடிவந்தான், ஒரு கையில் தாமாவின் பெண்டாட்டி, இன்னொரு கையில் பிள்ளை. அவன் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. கேசோ என் முன்னால் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். சட்டப்படி அவர்கள் இன்னும் கிரானியுஸின் ஆட்கள்தான், எந்த நேரம் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்பாரோ என்று கதவு தட்டினாலே அவர்களைக் கிடங்குக்குள் அனுப்பிவிடுகிறேன். இதுவரை கேட்கவில்லை. தாமாவை விடுதலை செய்வது பற்றி உன் அப்பா வாய் திறக்கவில்லை, துக்கம் கழியட்டும், நானே பேசுகிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு ஒரே காரணம்தான். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். விடுப்புக் கேட்டு அடுத்த கப்பலில் ஏறுவாய், இடுப்பில் வாள் இருக்கும், அப்பா விட்டதை நான் முடிக்கிறேன் என்பாய். உன் கூடாரத்துக்காரர்களும் தம்பியின் ரத்தம், குடும்ப மானம் என்று ஏற்றிவிடுவார்கள். வேண்டாம் மானியுஸ். கேசோவை மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. நான் மன்னிக்கவில்லை. அவனைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், உன் தம்பி வயசு, உன் தம்பி நடை. ஒழுக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, வாத்தியாரைக் கேட்டால் நாள்முழுக்கச் சொல்வார். ஆனால் உன் அப்பாவை இந்த ஒன்பது நாளும் பார்த்தேன். குத்தகைக்காரன் வருவான் வருவான் என்று இருந்தவரைக்கும் அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிதைக்குத் தீ வைக்கும்போது இல்லை, எலும்பை மதுவில் கழுவி நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதும் இல்லை. கிரானியுஸின் வாசலிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சுவர் ஓரமாக உட்கார்ந்து அவுலுஸ் அவுலுஸ் என்று மாடு மாதிரி அழுதார். தாமா கிடங்கிலிருந்து வெளியே வந்து எட்ட நின்று தலை குனிந்துகொண்டான். கொல்ல ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் அவருக்குப் பிள்ளை செத்தது. உனக்கும் அப்படித்தான் ஆகும். நீ ஆள் தேடினாயானால் அழ மாட்டாய், அழாமலே கிழவனாகிவிடுவாய். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து தம்பிக்காக அழு மகனே.

உன் வேலை நல்லபடியாக இருக்கட்டும், வீட்டுத் தெய்வங்கள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எதிரி ஆயுதமும் அந்த ஊர்க் காய்ச்சலும் உன் பக்கம் வராமல் போகட்டும். வாய்க்கால் தண்ணீரை அப்படியே குடிக்காதே, திராட்சைக்காடி கலந்து குடி. பெப்ருவரியில் செத்தவர்களின் நாட்கள் வரும்போது மறந்துவிடாமல் தம்பிக்கு ஒரு துண்டு ரொட்டியும் உப்பும் வை, அந்த ஊரில் வயலட் பூ கிடைத்தால் அதுவும். பதிலை அப்பா பெயருக்கே எழுது, ஆனால் கிரானியுஸ் மாமா எப்படி இருக்கிறார் என்று பழக்கத்தில் கேட்டுவிடாதே.

உன் வரவுக்கல்ல, உன் ஒரு வரிப் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
நின்னியா